350 டிகிரி டூல்: மணிக்கணக்கைக் கேட்டு வாங்குங்கள்

புவிவெப்பக் கிணற்றில் இறக்கி அழுத்தம், வெப்பநிலை, நீரோட்டம் மூன்றையும் அளக்கும் பிடிஎஸ் டூல் வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் என்னைப் போலவே காரைக்கால், நரிமணம் பக்கம் எண்ணெய்க் கிணறுகளில் ஸ்லிக்லைன் வின்ச் (டூலைக் கம்பியில் கட்டி இறக்கும் இயந்திரம்) ஓட்டிப் பழகி, பிறகு பிழைப்புக்காக வெளிநாடு போனவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸாப்பில் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல டூல், வாங்கலாம். ஆனால் விளம்பரத் தாளின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘350 டிகிரி’ என்று போட்டிருக்கிறார்களே, அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது பாதிக் கதை. அந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது மீதிப் பாதி. அதை உள்ளே எங்கேயோ பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன், பெயர் போட்டுச் சண்டை வளர்க்க விருப்பமில்லை. இந்த ரக டூல் செய்கிறவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேர்தான். எல்லாருடைய டூலும் உள்ளே ஏறக்குறைய ஒரே அமைப்பு. கேட்க வேண்டிய கேள்விகளும் எல்லாருக்கும் பொதுவானவை.

நான் இருப்பது கென்யாவில், ஒல்காரியாவில். நைவாஷா ஏரிக்குத் தெற்கே, பெரும் பிளவுப் பள்ளத்தாக்குக்குள். ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா இதே இடம்தான். கிணற்று மேடைக்குப் போகிற வழியில் வரிக்குதிரைக் கூட்டம் குறுக்கே நின்றால் வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். 1981-ல் 15 மெகாவாட் இயந்திரம் ஒன்றோடு ஆரம்பித்த இடம். இன்றைக்குக் கென்யாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் பூமிக்கடியிலிருந்து வரும் நீராவியில் கிடைக்கிறது, அதில் பெரும்பங்கு இங்கிருந்துதான். இப்போது தோண்டும் கிணறுகள் 3,000 மீட்டர் வரை போகின்றன. அடியில் 300 டிகிரியைத் தாண்டுவது இங்கே பெரிய செய்தி இல்லை. எண்ணெய்க் கிணற்றில் 150 டிகிரி என்றாலே ‘சூட்டுக் கிணறு’ என்று தனி டூல் தேடி அலைந்தவர்களுக்கு முதல் மாதம் வயிற்றைக் கலக்கும்.

சரி, டூல். பிடிஎஸ் என்றால் அழுத்தம், வெப்பநிலை, ஸ்பின்னர் மூன்றும் ஒரே உடம்பில். வெளியே உப்பையும் கந்தக வாயுவையும் தாங்கும் நிக்கல் கலவைக் குழாய். அடி முனையில், ஓட்டத்தின் வேகத்தை அளக்க, சின்னக் காற்றாடி மாதிரி ஸ்பின்னர். அதற்குமேல் பிளாட்டினம் கம்பியால் ஆன வெப்பநிலை உணரி, அழுத்த உணரி. நடுவயிற்றில் எலெக்ட்ரானிக்ஸும் பேட்டரியும், ஒரு வெற்றிட ஃபிளாஸ்க்குக்குள். கட்டித் தொங்கவிடும் கம்பி வெறும் உலோகக் கம்பி, அதில் மின்சாரம் போகாது. அளவுகளை உடனுக்குடன் மேலே அனுப்பும் சாதாரண லாகிங் கேபிளை இந்தச் சூட்டில் விட்டால் அதன் காப்பு உறை உருகி வழிந்துவிடும். அதனால் டூல் அளந்ததையெல்லாம் தன் மெமரியிலேயே வைத்துக்கொண்டு, மேலே வந்து லேப்டாப்பில் மாட்டிய பிறகுதான் வாயைத் திறக்கும். உள்ளே இருக்கும்வரை அது வேலை செய்கிறதா, செத்துப்போய்விட்டதா என்பது யாருக்கும் தெரியாது.

நீங்கள் காசு கொடுப்பது உண்மையில் அந்த ஃபிளாஸ்க்குக்குத்தான். உணரிகள் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். எலெக்ட்ரானிக்ஸ் 150 டிகிரியைத் தாண்டினால் தாங்காது, பேட்டரி அதைவிட மோசம். காப்பி ஊற்றிவைக்கும் ஃபிளாஸ்க்கின் அதே தத்துவம், தலைகீழாக: அங்கே சூடு வெளியே போகக்கூடாது, இங்கே உள்ளே வரக்கூடாது. ஆனாலும் மூடிப் பக்கமாகவும் ஒயர் போகிற வழியாகவும் சூடு கசியத்தான் செய்யும். கசிந்ததை வாங்கி வைத்துக்கொள்ள உள்ளே கனமான ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. அதுவும் நிரம்பிவிட்டால் கதை முடிந்தது. எங்கள் டூலுக்குப் போட்டிருக்கும் கணக்கு 300 டிகிரியில் 6 மணி நேரம், 350 டிகிரியில் 4 மணி நேரம். புது ஃபிளாஸ்க்கோடு, வெற்றிடம் முழுசாக இருக்கும்போது.

எங்கள் குழுவில் விருதுநகர்ப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். படித்தவன், கேள்வி கேட்பவன்.

“அண்ணே, அடியில 320 டிகிரி. உள்ள இருக்கிறது லித்தியம் பேட்டரி. லித்தியம் 180-லயே உருகிடும்னு படிச்சிருக்கேன். மேல வந்து கழட்டும்போது கையில வெடிச்சா?”

“அதுக்குத்தான் முனைக்கு நேரா நிக்காதன்னு கத்துறேன். பக்கவாட்டுல நில்லு. முதல்ல குழாயைத் தொடாம சூடு பாரு. கொஞ்ச நேரம் ஆறவிட்டுத்தான் திறக்கணும்.”

“கொஞ்ச நேரம்னா எவ்வளவுண்ணே?”

நியாயமான கேள்வி. விளம்பரத் தாளில் இதற்குப் பதில் இல்லை. டூல் கிணற்றைவிட்டு வெளியே வந்ததும் உள்ளே ஆறத் தொடங்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பதிவைத் திறந்து உள்வெப்பநிலைக் கோட்டைப் பாருங்கள்: மேலே வந்த பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும். குழாயும் மூடியும் வாங்கிவைத்த சூடு அப்போதுதான் மெல்ல உள்ளே நுழைகிறது. உச்சம் தொடுவது பெரும்பாலும் வெளியே ஸ்டாண்டில் படுத்திருக்கும்போது. உச்சத்துக்குப் போன சூடு இறங்கவும் இறங்காது, ஏனென்றால் சூட்டை உள்ளே விடாத ஃபிளாஸ்க் வெளியேயும் விடாது. எலெக்ட்ரானிக்ஸை உருவி எடுத்து மின்விசிறிக்கு முன்னால் வைத்தால்தான் ஆறும். ‘ஒரே நாளில் இரண்டு கிணறு பார்க்கலாம்’ என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், எத்தனை ஃபிளாஸ்க், எத்தனை செட் எலெக்ட்ரானிக்ஸ் கொடுக்கப்போகிறாய் என்று திருப்பிக் கேளுங்கள்.

இனி நேரக்கணக்கு. 3,000 மீட்டர் கிணறு, 1,200 மீட்டர் வரை கேசிங் என்கிற துளையில்லாத எஃகுக் குழாய், அதற்குக் கீழே லைனர் என்கிற துளைபோட்ட குழாய் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரும் நீராவியும் கிணற்றுக்குள் நுழைவது லைனர் பகுதியில், ஸ்பின்னர் ஓட வேண்டியதும் அங்கேதான். ஒரே வேகத்தில் ஓடினால் போதாது. காற்றாடி சுற்றுவதில் டூல் நகர்வதால் வருகிற பங்கு எவ்வளவு, தண்ணீர் நகர்வதால் வருகிற பங்கு எவ்வளவு என்று பிரிக்க, குறைந்தது இரண்டு மூன்று வேகத்தில் இறங்கி ஏற வேண்டும். நிமிடத்துக்கு 30, 45, 60 மீட்டர் என்று எடுத்தால், 1,800 மீட்டருக்குப் போய்வர முறையே 2 மணி, 1 மணி 20 நிமிடம், 1 மணி. கேசிங்குக்குள் இறங்கி ஏற இன்னொரு 40 நிமிடம். கூட்டினால் 5 மணி நேரம். 300 டிகிரிக் கிணற்றில் காகிதக் கணக்குப்படி தப்பித்தோம். 340 டிகிரிக் கிணற்றில் தப்பவே முடியாது. நடுவில் வின்ச்சின் ஹைட்ராலிக் குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டால் 300 டிகிரிக் கிணற்றிலும் தப்ப முடியாது. நான் போடும் திட்டத்தில், எழுதியிருக்கும் மணிக்கணக்கில் பாதிக்குமேல் தொடுவதில்லை. வாடிக்கையாளர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

நல்ல வேளையாக, ஸ்பின்னர் வேலையில் பெரும்பகுதி கிணறு குளிர்ந்திருக்கும்போது நடக்கிறது. தோண்டி முடித்ததும் பச்சைத் தண்ணீரைப் பம்ப்பு வைத்து உள்ளே தள்ளிக்கொண்டே டூலை இறக்குவோம். தண்ணீர் எந்த ஆழத்தில் பாறைக்குள் ஓடி மறைகிறதோ, அங்கே காற்றாடி சட்டென்று தளரும். அதுதான் பின்னாளில் நீராவி கொடுக்கப்போகிற வாய். பிறகு டூலை அந்த ஆழத்தில் நிறுத்திவைத்து, பம்ப்பு வேகத்தை மூன்று படியாக மாற்றி, ஒவ்வொரு படிக்கும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்போம். ஒரு பார் அழுத்தம் ஏற்ற விநாடிக்கு எத்தனை லிட்டர் தேவைப்பட்டது என்பதுதான் கிணற்றின் ஏற்புத்திறன். கடைசியில் பம்ப்பை நிறுத்தி அழுத்தம் இறங்குவதைப் பதிவு செய்வோம். இந்த வேலைகளில் டூலுக்குச் சூடே தெரியாது. ஆகவே வாங்குவதற்குமுன் உங்கள் வேலைப்பட்டியலைப் பாருங்கள். இந்த ரகக் குளிர் வேலைதான் அதிகம் என்றால், விலையுயர்ந்த ஃபிளாஸ்க்குக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

ஸ்பின்னரைப் பற்றி ஒரு குறை. பேரிங் நன்றாக இருக்கிறது, மெதுவான ஓட்டத்துக்கும் அசைந்துகொடுக்கிறது. ஆனால் சுற்றைக் கணக்கெடுக்க உள்ளே காந்தம் வைத்திருக்கிறார்கள். கேசிங்கிலிருந்து உதிரும் கறுப்புத் துருப்பொடி அந்தக் காந்தத்தில் போய் அப்பிக்கொள்ளும். இரண்டாவது ஓட்டத்திலேயே காற்றாடி திக்கித்திக்கிச் சுற்றும், பதிவில் அது தண்ணீரின் வேகம் குறைந்ததுபோலவே தெரியும். இறங்கும்போதும் ஏறும்போதும் எடுத்த கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்தான் திருட்டு பிடிபடும். இதற்கு ஒரு சல்லடை மூடி போட்டுத்தரச் சொல்லித் தயாரிப்பாளருக்கு எழுதினோம். அடுத்த மாடலில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

அழுத்த உணரிக்கு முழு மார்க். புதுக்கிணறு சூடேறும் வாரங்களில் இதன் அருமை தெரியும். பச்சைத் தண்ணீர் நிறைந்த கிணற்றில் ஒரு கிலோமீட்டருக்கு 98 பார் வரை ஏறும். அதே தண்ணீர் 250 டிகிரிக்குச் சூடானால் லேசாகிவிடும், கிலோமீட்டருக்கு 78 பார்தான். அதனால் வாரத்துக்கு ஒருமுறை எடுத்த அழுத்தக் கோடுகளை ஒரே தாளில் வரைந்தால் சாய்வு மாறிக்கொண்டே போகும். ஆனால் எல்லாக் கோடுகளும் ஓர் ஆழத்தில் மட்டும் ஒன்றையொன்று வெட்டும். கிணற்றின் முக்கிய வாய் இருப்பது அங்கே. அந்த ஒரு புள்ளியில் மட்டும்தான் கிணற்றுக்குள் இருக்கும் அழுத்தமும் வெளியே பாறைக்குள் இருக்கும் அழுத்தமும் ஒன்று. ஒன்றிரண்டு பார் தடுமாறும் உணரியில் இந்த வெட்டுப்புள்ளி ஐம்பது அறுபது மீட்டருக்குக் குழம்பிப்போகும். எங்கள் டூலில் கோடுகள் கச்சிதமாக வந்து ஒரே இடத்தில் விழுந்தன. பார்க்கவே அழகாக இருக்கும்.

வெப்பநிலைக் கோட்டை மட்டும் வைத்து ரிப்போர்ட் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 1,500-லிருந்து 2,200 மீட்டர் வரை 260 டிகிரி என்று கோடு நெட்டுக்குத்தாக நிற்கிறது என்றால், பாறை முழுக்க 260 டிகிரி என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் விஷயம் வேறு. ஒரு வாயில் நுழைந்த தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே ஓடி இன்னொரு வாயில் வெளியேறிக்கொண்டிருக்கும். டூல் அளந்தது அந்தத் தண்ணீரின் சூட்டை, பாறையின் சூட்டை அல்ல. பக்கத்திலேயே ஸ்பின்னர் கோடு இருந்தால் அந்த ஓட்டம் கண்ணெதிரே தெரியும். மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில் அளப்பதுதான் இந்த டூலின் பெரிய லாபம்.

மூன்றும் சேர்ந்திருப்பதில் இன்னொரு வசதி, டூலை அதனாலேயே சோதிக்கலாம். கிணற்றுக்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் பகுதியில் அழுத்தமும் வெப்பநிலையும் தம் இஷ்டத்துக்கு இருக்க முடியாது. 40 பார் என்றால் 250 டிகிரி, 86 பார் என்றால் 300 டிகிரி. எந்த அழுத்தத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று சொல்லும் ஸ்டீம் டேபிளைத் தாண்டி எண் வந்தால் ஒன்று அங்கே காய்ந்த நீராவி இருக்க வேண்டும், இல்லை உணரிகளில் ஒன்று பொய் சொல்ல வேண்டும். கரியமில வாயு அதிகமுள்ள கிணறுகளில் மட்டும் வெப்பநிலை கொஞ்சம் குறைவாக நிற்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. கேம்ப் சமையலறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து உணரி முனையை அதில் விடுங்கள். நாங்கள் இருப்பது கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் மேலே. இங்கே தண்ணீர் 93 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடும். டூல் 100 என்று காட்டினால் அதைத் திருப்பி அனுப்புங்கள். பிறகு ஐஸ் தண்ணீரில் விடுங்கள், பூஜ்யம் வர வேண்டும். எங்கள் குழுவின் மூத்த கென்யர், எல்லாரும் ‘ம்ஸே’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர், இந்த இரண்டும் ஆகாமல் டூலைக் கிணற்றுத் தலைமேல் நிற்கும் லூப்ரிகேட்டர் குழாய்க்குள் ஏற்றவே விடமாட்டார். தரச்சான்றிதழைக் காட்டினால், “சான்றிதழ் கிணற்றுக்குள் போகாது” என்பார்.

ஆழக்கணக்கில் டூலின் தவறு எதுவும் இல்லை, ஆனாலும் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். டூலுக்கு நேரம் மட்டும்தான் தெரியும். ஆழம் தெரிவது மேலே கம்பி ஓடும் சக்கரத்தின் கவுண்டருக்கு. இரண்டு பதிவையும் பிறகு நேரத்தைவைத்துத்தான் ஒட்டுகிறோம். லேப்டாப் கடிகாரமும் கவுண்டர் பெட்டியின் கடிகாரமும் 10 விநாடி தள்ளியிருந்தால், நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் அது 10 மீட்டர் பிழை. இது போதாதென்று கம்பி வேறு நீளும். எல்லாரும் எடையால் நீள்வதை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். 2.74 மில்லிமீட்டர் கம்பி, 3,000 மீட்டர் என்றால் அதன் எடையே சுமார் 140 கிலோ. டூலும், அதைக் கீழே இழுக்கக் கட்டும் எடைத்தண்டான சிங்கர் பாரும் சேர்த்தாலும் எடையால் நீள்வது மூன்று மீட்டர்போலத்தான். சூட்டால் நீள்வது அதைப்போல மூன்று மடங்கு: கம்பி முழுக்கச் சராசரியாக 200 டிகிரி ஏறினால் துருப்பிடிக்காத எஃகு 9, 10 மீட்டர் நீண்டுவிடும். கவுண்டர் அளந்ததோ மேலே ஆறிய கம்பியை. கூட வரும் மென்பொருளில் எடைக்குத் திருத்தம் இருக்கிறது, சூட்டுக்கு இல்லை. இவ்வளவு விலை வாங்குகிற டூலில் இது பெரிய ஓட்டை. நாங்கள் ஸ்பின்னரைவைத்துச் சமாளிக்கிறோம். அகலமான கேசிங்கிலிருந்து குறுகலான லைனருக்குள் நுழையும் இடத்தில் காற்றாடியின் வேகம் மாறும். லைனர் தொடங்கும் ஆழம் தோண்டியவர்களின் பதிவில் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டு மொத்தத்தையும் நகர்த்திக்கொள்கிறோம்.

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய்க் கிணற்றுப் பழக்கத்தில் சாதாரண எஃகுக் கம்பியோடு வந்துவிடாதீர்கள். கந்தக வாயு பட்டால் அது நொறுங்கத் தொடங்கும், வெளியே பார்த்தால் பளபளவென்றே இருக்கும். டூலுக்கு முன்னால் வெறும் இரும்புக் குண்டைக் கட்டி ஒரு டம்மி ரன் ஓட்டாமல் இறக்கவும் கூடாது. சில கிணறுகளில் சுண்ணாம்பும் சிலிக்காவும் படிந்து வழியே குறுகிப்போயிருக்கும்.

இப்போது திட்டு. ஃபிளாஸ்க்கில் வெற்றிடம் போய்விட்டால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. எங்களுடைய டூலில் ஒரே கிணறு, ஏறக்குறைய ஒரே நேரம், ஆனால் உள்வெப்பநிலை முன்பு 90-களில் நின்றது, பிறகு 120-களுக்குப் போனது. கோடுகளை அனுப்பிக் கேட்டோம். ‘வரம்புக்குள்தான் இருக்கிறது, பிரச்சினை இல்லை’ என்று பதில். வரம்பு 150 என்பது எங்களுக்கும் தெரியும். கேட்டது ஏன் ஏறுகிறது என்று. மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு ஃபிளாஸ்க்கை அனுப்பச் சொன்னார்கள். வெற்றிடம் கசிகிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று பில்லும் போட்டார்கள். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு ஓட்டத்தின் உள்வெப்பநிலைக் கோட்டையும் தனியாகச் சேமித்துவையுங்கள். வாடிக்கையாளருக்கு அது வேண்டாம், உங்களுக்கு வேண்டும். உத்தரவாதத்தில் ‘வெற்றிடம்’ என்ற சொல் இருக்கிறதா என்றும் கையெழுத்துக்கு முன்னாலேயே பாருங்கள்.

மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும் சொன்ன பேச்சு கேட்கும். தரவு இறக்கும் ஒயர் அவர்களுடைய சொந்த வடிவம், ஒன்று அறுந்தால் கடையில் கிடைக்காது. இணைப்புகளில் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிது போட வேண்டும். 300 டிகிரி பார்த்த ரிங்கை நகத்தால் அழுத்தினால் குழி விழாது, கல்லாகியிருக்கும். திருகுமறைகளில் சூட்டுக்கான கிரீஸைத் தாராளமாகத் தடவாவிட்டால் மேலே வந்ததும் இரண்டு ஆள் சங்கிலிக் குறடு போட்டுத் தொங்க வேண்டியதுதான்.

பழைய ஆட்கள் கேட்பார்கள், அமெராடா, கஸ்டர் மெக்கானிக்கல் கேஜ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று. எனக்கும் அவற்றின்மேல் மரியாதை உண்டு. உள்ளே சுருள் குழாய், ஒரு முள், சாவி கொடுத்த கடிகாரம், பூச்சுப் போட்ட மெல்லிய உலோகத் தகடு. அழுத்தம் ஏற ஏறச் சுருள் விரியும், முள் தகட்டில் கீறும். பேட்டரி இல்லை, ஃபிளாஸ்க் இல்லை, வெடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆழத்திலும் நிறுத்திக் காத்திருக்க வேண்டும், மேலே வந்து அந்தக் கீறலை நுண்ணோக்கியில் அளந்து எண்ணாக மாற்ற வேண்டும், அப்படியும் கிடைப்பது சில புள்ளிகள்தான். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே இருக்கும் ஒரு வாயை அது காட்டாது. ம்ஸேயின் அலமாரியில் ஒன்று எண்ணெய் போட்டுத் துடைத்துவைத்தபடி இருக்கிறது. எலெக்ட்ரானிக் டூலை இறக்க யாருக்கும் தைரியம் வராத கிணற்றுக்கு அது போகும்.

அப்படிப்பட்ட கிணறுகள் உண்டு. இங்கிருந்து வடக்கே மெனெங்காய் எரிமலை வாயில் 2 கிலோமீட்டர் சொச்சம் ஆழத்திலேயே துரப்பணம் உருகிய பாறையில் போய் முட்டியிருக்கிறது. ஐஸ்லாந்தில் ரேக்யானஸ் முனையில் 4,659 மீட்டர் வரை தோண்டி, 2017 ஜனவரியில் அளந்தபோது 426 டிகிரி, 340 பார். அதுவும் தோண்டும்போது ஊற்றிய குளிர்ந்த நீரின் தாக்கம் முழுசாகப் போவதற்கு முன்னால். ஜப்பானில் கக்கொண்டாவில் 1990-களில் தோண்டிய கிணறு 500 டிகிரியைத் தாண்டியது. அங்கே வெவ்வேறு சூட்டில் உருகும் வில்லைகளை உள்ளே இறக்கி, எது உருகியது, எது உருகவில்லை என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். நான் எழுதும் இந்த டூல் அந்த உலகத்துக்கானது அல்ல. 320, 330 டிகிரி வரையுள்ள கிணறு, எழுதியிருக்கும் மணிக்கணக்கில் பாதிக்குள் முடிகிற வேலை என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆண்டுக்கணக்கில் ஒரே கிணற்றின் அழுத்தத்தைக் கண்காணிக்க வேண்டும் என்றாலும் இது வேண்டாம். அதற்கு மெல்லிய குழாய் ஒன்றைக் கிணற்றில் நிரந்தரமாக இறக்கி, நைட்ரஜன் நிரப்பி, மேலேயே அழுத்தம் பார்க்கும் முறை மலிவு, நம்பகமும் அதிகம். ஒளியிழை இறக்கினால் கிணறு முழுக்க வெப்பநிலை ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று ஒரு கோஷ்டி சொல்லும். உண்மைதான், ஆனால் அழுத்தம் கிடைக்காது, சூட்டுக் கிணற்றில் ஹைட்ரஜன் புகுந்து இழை கறுத்தும்போகும்.

விலையை எழுதவில்லை, நாட்டுக்கு நாடு, பேரத்துக்குப் பேரம் மாறும். ஆர்டர் போடும்போது கூடவே இரண்டாவது ஃபிளாஸ்க், இரண்டாவது ஒயர், ஓராண்டுக்கான ஓ-ரிங், ஸ்பின்னர் காற்றாடி அரை டஜன் கேட்டுவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் சுங்கத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். அளவுத்திருத்தத்துக்கு ஆண்டுக்கொருமுறை டூலைத் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டிவரும். அந்த வாரங்களில் மாற்று டூல் கொடுப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள், எங்களுக்குக் கொடுக்கவில்லை. பேட்டரியை மட்டும் மற்றதோடு சேர்க்காமல் தனியாக, முதலிலேயே ஆர்டர் போடுங்கள். லித்தியம் பேட்டரிப் பெட்டியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றமாட்டார்கள். எங்களுக்குக் கப்பலில் மொம்பாசாவுக்கு வந்து, அங்கிருந்து லாரியில்தான் வருகிறது.